தகரக் கூரை வீட்டு மாப்பிள்ளைகள்

தடாலென்று விழுந்ததே, அது ஒன்றுமில்லை, ஏட்டையா. உட்காருங்கள். பின்பக்கக் கூரையில் கிடந்த பனி இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். வெயில் கொஞ்சம் உறைத்தால் போதும், இந்தத் தகரம் எதையும் வைத்துக்கொள்ளாது. கோழிக்கூண்டுப் பக்கம் விழுந்திருக்கும். கோழிகளுக்கெல்லாம் பழகிவிட்டது. நீங்கள்தான் தொப்பியைக் கீழே போட்டுவிட்டீர்கள்.

பிளம் சாராயம் ஒரு வாய் ஊற்றட்டுமா? டியூட்டியில் இருக்கிறீர்கள், தெரியும். அதனால்தான் சின்ன கிளாஸை எடுத்தேன். வெளியே அடிக்கிற குளிரில் கடவுளே வந்தாலும் ஒரு கிளாஸ் கேட்பார்.

அக்லாயா வீட்டில் இருந்திருந்தால் நீங்கள் கேட்காமலே சூடாக ஏதாவது வைத்திருப்பாள். என் மகளின் புளிப்பு சூப்பை நீங்கள் சாப்பிட்டதில்லையே? சாப்பிட்டால் ஊர் மாற்றலே கேட்க மாட்டீர்கள். அவளைக் கேட்டு வந்த அந்தப் பையன் இலாரியோனை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் பக்கத்து வீட்டு வர்வாராவிடம் போய்ப் படுத்துக் கிடக்கிறாள். துக்கம் இருக்கத்தான் செய்யும். இளவயதுப் பெண். ஆனால் எத்தனை நாளைக்கு அடுத்த வீட்டுக் கட்டிலில் படுத்திருப்பது? இங்கே நானே மூட்டினால்தான் அடுப்பு எரிகிறது. நான் வேகவைத்த உருளைக்கிழங்கைத் தின்று கொண்டிருக்கிறேன்.

ஆகவே ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நீங்கள் கேட்க வந்ததையெல்லாம் நானே சொல்லிவிடுகிறேன். மறைக்க ஒன்றுமில்லை. பதிலுக்கு நீங்கள் ஓர் உதவி செய்ய வேண்டும். திரும்பிப் போகிற வழியில் வர்வாரா வீட்டுக் கதவைத் தட்டி, "உங்க அப்பா எல்லாத்தையும் உனக்காகத்தான் செஞ்சிருக்காரும்மா, வீட்டுக்குப் போ" என்று அவளிடம் சொல்ல வேண்டும். நான் சொன்னால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். சீருடை போட்ட ஆள் சொன்னால் கேட்பாள்.

என் மனைவி மினதோரா செத்துப்போனபோது அக்லாயா பள்ளிக்கூடத்தில் இருந்தாள். பள்ளிக்கூடத்தை அவளாகவே விட்டுவிட்டாள். நான் போகாதே என்று சொல்லவே இல்லை. காலையில் எழுந்து, "பசு கத்துதே, யாரு பால் கறக்கிறது?" என்று மட்டும்தான் கேட்டேன். கெட்டிக்காரப் பெண், புரிந்துகொண்டாள். அன்றிலிருந்து நான் கண் விழிக்கும் முன் அடுப்பு எரியும். பூட்ஸ் காய்ந்திருக்கும். சோளக்களி கட்டி தட்டாமல், மஞ்சளாக, நூலால் அறுக்கிற பதத்தில் வரும். ஒரு நாளும் நான் அவளை வேலை வாங்கியதில்லை. அவளுக்கு இந்த வீடு என்றால் உயிர்.

இப்போது கூரைக்கு வருவோம். நீங்கள் அதற்காகத்தான் வந்திருக்கிறீர்கள்.

மர ஓடு வேய்ந்த கூரையில் பனி ஒட்டிக்கொண்டு கிடக்கும். பங்குனி வரை அசையாது. நம் ஆட்கள் அந்தக் கூரைகளின் கீழ் நின்றே வளர்ந்தவர்கள். விளிம்புக்கு அடியில் நின்றுதான் சிகரெட் பிடிப்பார்கள், சண்டை போடுவார்கள், பெண் பார்ப்பார்கள். பிறகு ஊரில் பாதிப் பேர் மர ஓட்டைப் பிரித்துவிட்டுத் தகரம் போட்டோம். தகரம் வந்துவிட்டதென்று தலைக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. கால் போய் அதே இடத்தில்தான் நிற்கிறது. நீங்கள் நம் ஊர் மருமகன். உங்களுக்கும் அதே ஜன்னலடிதான். உங்கள் மாமனார் வீட்டில் இன்னும் மர ஓடு. அதிர்ஷ்டசாலி ஐயா நீங்கள்.

ஜன்னலடி வழக்கத்தை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் காகிதத்தில் எழுதுகிறீர்கள், மாவட்டத் தலைமையிடம் சுச்சாவாவில் உட்கார்ந்து படிக்கிற ஆட்களுக்குப் புரிய வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை பையன்கள் கூட்டமாக வந்து ஜன்னலடியில் பாடுவார்கள். பாட்டு முடிந்ததும் மற்றவர்கள் வாசல்படல் வரை பின்வாங்கிவிட, அந்த வீட்டுப் பெண்ணை விரும்புகிறவன் மட்டும் ஜன்னலுக்கு நேர் கீழே நிற்பான். அவள் ஜன்னலைத் திறந்து வளைய ரொட்டியைக் கையால் கொடுப்பாள். ரொட்டி கைமாறினால் பாதிக் கல்யாணம் முடிந்தது. தள்ளி நின்று கையை நீட்டி வாங்கக் கூடாது. அது பயந்தாங்கொள்ளித்தனம். பெண்ணுக்கு அவமானம்.

அடுத்தது புகைக் கதவு. நம் வீடுகளில் அடுப்பின் புகைபோக்கி பரண் வழியாக மேலே போகிறது. பரணில் அதன் இடுப்பில் ஒரு சின்ன இரும்புக் கதவு. சில வாரம் உப்பில் ஊறிய பன்றித்தொடையை உத்திரத்தில் தொங்கவிட்டு அந்தக் கதவைத் திறந்தால் அடுப்புப் புகையெல்லாம் பரணில் நிறையும். இறைச்சி சிவந்து மணக்கும். புகையோடு சூடும் வருமல்லவா? அந்தச் சூடு தகரத்தை அடியிலிருந்து தொடும். தகரத்தை ஒட்டிய பனி வேர்க்கும். வெளியே மூக்கு உதிர்கிற குளிராக இருந்தாலும் சரி, மொத்தப் பாளமும் ஒரே மூச்சில் கிளம்பிவிடும்.

இது எனக்கு முதலில் தெரியாது. கவ்ரில்தான் தெரியவைத்தான்.

மரம் ஏற்றுகிற லாரி ஓட்டுகிறானே, ஓடைக்கு அக்கரை வீடு, அதே கவ்ரில். போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸில் அக்லாயாவுக்காக வந்து நின்றான். அந்த வருஷம் எங்கள் பன்றி பள்ளத்தில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டதால் சீக்கிரமே அறுத்துவிட்டோம். கிறிஸ்துமஸுக்குள் தொடைகள் பரணுக்கு ஏறிவிட்டன. புகைக் கதவு திறந்தே இருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூரை முனகுவது காதில் விழுந்தது. ஜன்னல் வழியாக அவன் நிற்கிற இடமும் தெரிந்தது. தள்ளி நில்லு என்று சொல்லத்தான் வாயைத் திறக்கப் போனேன். வாயில் சர்மாலே இருந்தது. அக்லாயா கொத்திய இறைச்சியைக் கோஸ் இலையில் வைத்துச் சுருட்டிய சர்மாலே. துப்ப மனம் வரவில்லை.

அவன் காலும் தோள்பட்டையும் ஒடிந்தன. பன்றிக்கு ஒடிந்த அதே இடது கால். ஊர் சிரித்துத் தீர்த்தது. ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போதே பையன்கள் அவனை விடவில்லை.

"டேய் கவ்ரில், பொண்ணு கேட்டா மாமனார் கூரையையே குடுத்துட்டார்டா!"

"சிரிக்க வைக்காதீங்கடா, வலிக்குது," என்று அவனும் சிரித்தான். நல்ல பையன்.

ஆஸ்பத்திரியில் அவனைக் கவனித்த நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டான். அந்தக் கல்யாணத்தில் நான் விடியும்வரை ஆடினேன். இரட்டைக் குழந்தைகள் இப்போது. கணக்குப் பார்த்தால் என் கூரையால் அந்தக் குடும்பத்துக்கு நன்மைதான். பனிக்குள் விழுந்த வளைய ரொட்டியை மறுநாள் நான் தோண்டி எடுத்தேன். ஒரு கீறல் இல்லை. பாலில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

கவ்ரில் பக்கத்தில்தானே இருக்கிறான், கொடுத்திருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பக்கத்தில் இருப்பதுதான் தொந்தரவு. அவள் ஓடைக்கு அந்தப் பக்கம் யாருக்கோ வெங்காயம் வதக்குவாள், நான் இந்தப் பக்கம் நின்று மோந்துகொண்டிருக்க வேண்டுமா? மனிதனுக்கு ஓர் அளவு இருக்கிறது.

அடுத்த வருஷம் ஒருவனும் வரவில்லை. "அந்தக் கூரை வீடா? நமக்கு எலும்பு வேணும்ப்பா" என்று பையன்கள் எங்கள் ஜன்னலை விட்டுவிட்டு வேலியோரம் நின்றே பாடிவிட்டுப் போனார்கள். அக்லாயா ரொட்டியைச் சுட்டு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எனக்கே பாவமாக இருந்தது. இரண்டு ரொட்டி சேர்த்துச் சாப்பிட்டேன்.

அந்த ஓய்வில்தான் நான் கொஞ்சம் படித்துக்கொண்டேன். ஒரு மனிதன் தன் கூரையைத் தெரிந்துவைத்துக்கொள்வதில் தப்பில்லையே? வைக்கோலைத் திணித்து ஓர் ஆள் கட்டினேன். என் பழைய கோட்டு, பழைய தொப்பி. ஜன்னலடியில் நிறுத்திவிட்டு அடுப்பில் விறகைப் போட்டேன். வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வர்வாரா எட்டிப் பார்த்தாள்.

"என்னய்யா சில்வெஸ்த்ரு, ஜன்னலடியில மாப்பிள்ளை நிக்கிறாப்ல?"

"ஆமா. வைக்கோல் மாப்பிள்ளை. சாப்பாட்டுச் செலவு இல்ல."

"உன் பொண்ண நீ கட்டிக் குடுக்கப் போறது இவனுக்குத்தான் போலிருக்கு."

"பொறுமைசாலி. எதிர்த்துப் பேச மாட்டான். உனக்கு வேணும்னா சொல்லு, உன் புருஷன மாத்திக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போ."

"என் புருஷனும் இப்படித்தான் நிக்கிறான். மாத்தி என்ன பிரயோஜனம்?" என்று சொல்லிவிட்டுப் போனாள். புத்தாண்டு வேஷக்காரர்களுக்காகப் பொம்மை செய்கிறேன் என்று ஊரில் நினைத்துக்கொண்டார்கள்.

அந்தக் குளிர்காலம் முழுக்க வைக்கோல் மாப்பிள்ளை உழைத்தான். பிர்ச் விறகு படபடவென்று எரிந்து அடங்கிவிடும், உதவாது. காய்ந்த பீச் விறகுதான் சரி. ஒரு கூடை போட்டு, புகைக் கதவைத் திறந்துவிட்டு, நிதானமாகச் சாப்பிட்டு முடித்து, தட்டை ரொட்டியால் துடைத்தால் கூரை கிளம்புகிற நேரம். இன்னொன்றும் கற்றேன். வெறும் பனி ஆளைத் தள்ளும், அவ்வளவுதான். கவ்ரிலுக்கு நடந்தது அதுதான். கூரையை வழிக்காமல் விட்டுவிட்டால், உருகின நீர் விளிம்புக்கு வந்து உறைந்து, மேலும் வந்து மேலும் உறைந்து, கடைசியில் விளிம்பு நெடுக ஒரு பனிக்கட்டிக் கரை கட்டிவிடும். இறங்கும்போது முதலில் இறங்குவது அந்தக் கரை. மாவு அரைக்கிற கல் மாதிரி. வைக்கோல் மாப்பிள்ளையின் உடம்பு அன்றே கிடைத்தது. தலை பங்குனியில்தான் கிடைத்தது.

நான் வழக்கமாகச் சுத்தக்காரன், ஏட்டையா. ஊரில் முதலில் கூரை வழிப்பவன் நான்தான். பனி நின்றதும் நீளக் கழி மாட்டிய மரவாரியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன். விளிம்பில் விழுது விழுதாகத் தொங்குகிற பனிக்கட்டியைத் தட்டிவிடுவேன். இந்த வருஷம் மட்டும் முன்பக்கத்தைத் தொடவில்லை. முதுகு வலி. அப்படித்தான் அக்லாயாவிடமும் சொன்னேன். அவள் எனக்கு முதுகில் மிளகாய்ச் சாராயம் தேய்த்துவிட்டாள். தங்கமான பெண்.

இலாரியோன் இத்தாலியிலிருந்து வந்து இறங்கியது குளிர் ஆரம்பத்தில். டூரினில் கூரை வேலை. ஆள் உயரம், நல்ல பல், எதைப் பார்த்தாலும் பழுது பார்க்கிற கை. பாலைக் கொடுக்கப்போன அக்லாயாவை ரொட்டிக்கடை வாசலில் பார்த்திருக்கிறான். மறுநாளிலிருந்து அவள் முணுமுணுவென்று பாட ஆரம்பித்தாள். சாமி பாட்டு என்று நினைத்தேன். வர்வாராதான் வேலிக்கு மேல் தலையை நீட்டி, "பொண்ணு டூரினுக்குப் போகப்போகுதாமே, சில்வெஸ்த்ரு? சட்டை துவைக்கப் பழகிக்கோ," என்றாள். அன்று சாயங்காலம் சோளக்களி அடிப் பிடித்தது. என் வீட்டில் இதுவரை நடக்காத சங்கதி. அவள் கருகின வாசனையைக்கூடக் கவனிக்காமல் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றாள். ஒரு தகப்பனுக்கு அதைப் பார்க்க எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள் முன்னால், புனித இக்னாத் நாளன்று பன்றி அறுத்தோம். நீங்களும் வந்திருந்தீர்கள். நன்றாகச் சாப்பிட்டீர்கள், பார்த்தேன். அவனும் வந்தான். கூப்பிடாமலே சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பின்னங்கால்களைப் பிடித்தான். குறை சொல்ல முடியாத வேலை. அடுப்புக் கதவு கீச்சிடுகிறதென்று அதையும் சரிசெய்தான். மினதோரா காலத்திலிருந்து கீச்சிட்டுக்கொண்டிருந்த கதவு. பந்தியில் என் நாற்காலியில் உட்கார்ந்தான். தெரியாமல்தான். அக்லாயாவுக்குத் தெரியும். அவள் "அது அப்பாவோடது" என்று சொல்லவில்லை. பொரித்த இறைச்சியை அள்ளி முதல் தட்டை அவன் முன்னால் வைத்தாள்.

முதல் தட்டை, ஏட்டையா.

சாப்பிட்டபின் அவனை வழியனுப்ப வாசலுக்குப் போனேன். மேலே பார்த்தான். கூரைக்காரன் கண், சும்மா இருக்காது.

"மாமா, தகரத்துக்குப் பனித்தடுப்பே போடலையே? விளிம்புல பாருங்க, எம்மாம் பெரிய கட்டி. நாளைக்கே ஏறித் தட்டி விட்டுடறேன்."

"பண்டிகை நேரத்துல விருந்தாளியக் கூரை மேல ஏத்தினா ஊர் என்னை என்ன சொல்லும்? சும்மா இருப்பா."

"நான் என்ன விருந்தாளியா?"

"தலையில பனி விழுந்து செத்தியானா உன் ஆத்தாளுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டேன். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

"சரி, பனி உருகட்டும். அப்புறம் நானே நாலு வரிசை தடுப்பு அடிச்சுத் தர்றேன். அதுக்கப்புறம் இந்த வீட்டு வாசல்ல கொழந்தைய விட்டுட்டுத் தூங்கலாம்," என்றான்.

பாருங்கள், பனி உருகிய பிறகு என் கூரையில் அவனுக்கு என்ன வேலை? பேச்சைக் கேட்டீர்களா? அன்று அவன் நிறையத்தான் பேசினான். சாராயம் உள்ளே போனால் எல்லோருக்கும் வாய் நீளும்.

இனிக் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. வானம் கண்ணாடி மாதிரி இருந்தது. வெளியே வைத்த வாளித் தண்ணீர் கல்லாகிவிட்ட குளிர். இருட்டத் தொடங்கும் நேரத்தில் ஓடைப் பக்கம் மணிச் சத்தமும் பாட்டும் கேட்டன. அக்லாயா தன் அம்மாவின் சிவப்புச் சால்வையைப் போட்டுக்கொண்டு, வளைய ரொட்டியில் முட்டை பூசிப் பளபளவென்று வைத்திருந்தாள். கொஞ்சம் விறகு போடட்டுமா, உனக்குக் குளிருமே என்று கேட்டுவிட்டு ஒரு கூடை பீச் விறகைப் போட்டேன். பரணுக்கு ஏறி ஒரு பூண்டுச் சரம் எடுத்துக்கொண்டு வந்தேன். வரும்போது புகைக் கதவைத் திறந்துவிட்டு வந்தேன். பிறகு உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டேன்.

பையன்கள் படலைத் திறந்து வந்தார்கள். ஜன்னல் இடுக்கு வழியாக எல்லாம் கேட்டது.

"டேய் இலாரியோன், போறதுக்கு முன்னாடி ஒரு தடவ உன் எலும்பெல்லாம் எண்ணிப் பாத்துக்கடா!"

"கவ்ரிலக் கேளு, நர்ஸோட தங்கச்சி சும்மாதான் இருக்காளாம்!"

"போங்கடா. இந்தக் குளிருல தகரம் பனிய விடாது. உறைஞ்சு ஒட்டிக் கிடக்கு. கூரைக்காரன்கிட்டயே கூரையப் பத்திப் பேசுறீங்களா?"

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. டூரினில் எந்த வீட்டுக்கும் பரணில் புகைக் கதவு கிடையாது போலிருக்கிறது.

அருமையாகப் பாடினார்கள். நானும் உள்ளேயிருந்து கீழ்க்குரலில் சேர்ந்து பாடினேன். பாட்டு முடிந்து பையன்கள் பின்வாங்கினார்கள். அக்லாயா ஜன்னலைத் திறந்தாள். ரொட்டியோடு இரண்டு கைகளையும் வெளியே நீட்டினாள். அதுதான் எனக்கு ஒரு கணம் திக்கென்றது. அவள் கை நசுங்கினால் மாவு பிசைவது யார்? நான் எழுந்து, "வாடைக்காத்துடா கண்ணு, இந்தப் பக்கம் வா," என்று சால்வையைப் பிடித்து அவளைப் பின்னால் இழுத்தேன். நல்ல வேளை. சரியான நேரம். தகப்பன் மனசு அப்படி. பிள்ளைக்கு ஆபத்தென்றால் முன்கூட்டியே தெரிந்துவிடும்.

சத்தம் இப்போது கேட்டீர்களே, அதைவிடக் கொஞ்சம் பெரிது.

பையன்கள் முதலில் சிரித்தார்கள். கவ்ரில் ஞாபகம். "இன்னொரு நர்ஸு ரெடி பண்ணுங்கடா" என்று ஒருவன் கத்தினான். பிறகு சிரிப்பு ஒவ்வொருவராக நின்றது. மண்வாரியை முதலில் எடுத்தது நான்தான். ஊரே சாட்சி சொல்லும். கோழிக்கூண்டுப் பக்கத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தேன். பதற்றத்தில் யாருக்குத் திசை தெரிகிறது? பையன்கள் சரியான இடத்தில் தோண்டி எடுத்தார்கள். பனிக்கட்டிக் கரை தலையில் இறங்கியிருந்தது. அவனுக்கு வலியே தெரிந்திருக்காது. இதை அவன் தாயிடம் நானே போய்ச் சொன்னேன். கட்டிப்பிடித்து அழுதாள். சவப்பெட்டியில் ஒரு மூலை தூக்கியதும் நான்தான், முதுகு வலியோடு.

அக்லாயா அழவில்லை. ஜன்னலில் ரொட்டியைப் பிடித்தபடியே நின்றாள். வாங்கி வைக்கப் போனேன், விடவில்லை. அடக்கத்தன்று அதைக் குழிக்குள் போட்டாள். முட்டை பூசிய ரொட்டி. சில சமயம் பெண்களை அவர்கள் போக்கில் விட வேண்டும்.

இதெல்லாம் விபத்தாகவே முடிந்திருக்க வேண்டியது. கவ்ரில் விஷயம் முடியவில்லையா? நான் ஒரே ஒரு இடத்தில் வழுக்கிவிட்டேன், அதை நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள். அன்று மாலை வர்வாரா என் கூரை இடுக்கிலிருந்து புகை கசிவதைப் பார்த்திருக்கிறாள்.

"என்னய்யா, உப்பே ஏறல, அதுக்குள்ள தொடையப் பரண்ல மாட்டிட்டியா?" என்று வேலியிலிருந்து கேட்டாள்.

"இல்ல, கொசு விரட்டுறேன்," என்றேன்.

"மார்கழிக் குளிருல கொசுவா!" என்று சிரித்துக்கொண்டே போனவள், சிரித்து முடித்ததும் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

நேற்று நீங்கள் எங்கள் பின்கட்டில் உப்புத்தொட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு தொடைகளும், விலாவும், கொழுப்பும் உப்பில் நிம்மதியாகப் படுத்திருக்கின்றன. பரணில் பூண்டைத் தவிர ஒன்றுமில்லை. இறைச்சி இல்லாமல் பரணுக்குப் புகை போடுகிறவன் இந்தப் புக்கோவினாச் சீமை முழுக்க ஒருவனும் கிடையாது. வேறு ஊர் அதிகாரியாக இருந்தால் மூடியைத் திறந்து பார்த்திருக்கவே மாட்டார். நீங்கள் மாமனார் வீட்டில் வருஷா வருஷம் உப்புத் தேய்க்கிறவர். மூடியை மறுபடி ஒழுங்காக மூடிவைத்தீர்கள், அதற்கு நன்றி.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். புகைக் கதவைத் திறந்தது நான். அவன் அங்கேதான் நிற்பான் என்று தெரிந்தே திறந்தேன். முன்பக்கக் கூரையை வழிக்காமல் கரை கட்டவிட்டதும் நான். முதுகு வலி பொய். இலாரியோனைக் கொன்றது பனி என்று நீங்கள் எழுதினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் பனியை அனுப்பியது நான். கையெழுத்து எங்கே போட வேண்டும்? பேனா உறைந்துவிட்டதா? அடுப்பருகே கொஞ்சம் காட்டுங்கள், அதற்குத்தான் பற்றவைத்திருக்கிறேன். பயப்படாதீர்கள், மேலே கதவு மூடியிருக்கிறது.

இனி நீங்கள் அக்லாயாவிடம் சொல்ல வேண்டியது. இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏட்டையா. எனக்கு அந்தப் பையன் மேல் ஒரு துளி கோபமில்லை. பார்த்தாலே பிடிக்கிற பையன். என் பிரச்சினை இத்தாலி. முன்பின் தெரியாத ஊரில், புரியாத பாஷையில், என் மகள் யாரோ கிழவியின் கட்டில் விரிப்பை மாற்றிக்கொண்டு கிடக்க வேண்டுமா? இங்கே ஒரு முழு வீடு அவளுடையது. அவளை அந்தப் பிழைப்பிலிருந்து காப்பாற்றினேன். எந்தத் தகப்பனும் செய்கிற காரியம். இத்தாலி வேண்டாம், இங்கேயே இருக்கிறேன் என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்தப் புகைக் கதவை நானே ஆணி அடித்து மூடியிருப்பேன். சொல்லவில்லையே. நான் என்ன செய்ய?

என்ன ஏட்டையா, எழுதாமல் என் முகத்தையே பார்க்கிறீர்கள்? கிளாஸைத் தொடவே இல்லையே. ஏதாவது சொல்லுங்கள்.

"இத்தாலிய விட்டுட்டேன், வீட்டோட மாப்பிள்ளையா உங்ககூடவே வந்துடறேன்னு பன்னி அறுத்த அன்னிக்குப் பந்தியில எல்லார் முன்னாடியும் அவன் சொன்னப்ப, எழுந்து போயி அவனுக்கு ரெண்டு கன்னத்துலயும் முத்தம் குடுத்தது நீங்கதானே, பெரியவரே?"